கடல்வழி நேர்த்திக்கடன்களும் காணிக்கைக் கல்வெட்டுகளும்

கடல்வழி நேர்த்திக்கடன் என்பது கடலில் இறங்குவதற்கு முன்போ, பயணத்தின் நடுவே ஆபத்து வந்தபோதோ தெய்வத்திடம் நேர்ந்துகொண்டு, நல்லபடியாகக் கரை சேர்ந்த பின் செலுத்தப்படும் காணிக்கை. பண்டைய ரோமானிய உலகில் இக்காணிக்கைகளோடு நேர்ந்தவரின் பெயர், தெய்வத்தின் பெயர், சில வேளைகளில் நேர்ந்த காரணம் ஆகியவையும் கல்லில் பொறிக்கப்பட்டன. ரோமானியப் பேரரசையும் தமிழகத்தையும் இணைத்த கடல்வழியின் ஒரு முனையில் எகிப்தின் செங்கடல் துறைமுகங்கள் இருந்தன. மறுமுனைத் துறைமுகங்களுள் ஒன்று இராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிக்கு அருகிலுள்ள அழகன்குளம்.

இவ்வழியில் கிடைத்த காணிக்கைக் கல்வெட்டுகளும் பாறைப் பொறிப்புகளும், அரசர்களின் சாசனங்களில் இடம்பெறாத வணிகர், அடிமை, கப்பல் உரிமையாளர் ஆகியோரின் பெயர்களை அறிய உதவுகின்றன. ஆனால் நேர்த்திக்கடனைச் செலுத்துபவர் கரை சேர்ந்தவர் மட்டுமே. இச்சான்றுகளைப் படிக்கும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும்.

சொல்லும் பொருளும்

'நேர்தல்' என்ற சொல்லுக்கு உடன்படுதல், வேண்டிக்கொள்ளுதல் என்ற பொருள்கள் உண்டு. ஒன்றைத் தருவதாகத் தெய்வத்திடம் வாக்களிப்பதை 'நேர்ந்துகொள்ளுதல்' என்றும், தெய்வத்துக்கென ஒதுக்கிய ஆட்டையோ கோழியையோ 'நேர்ந்துவிட்டது' என்றும் கூறுவது இன்றும் வழக்கில் உள்ளது. வாக்களித்ததை நிறைவேற்றுவது நேர்த்திக்கடன். கடன் என்ற சொல் கடமையையும் குறிக்கும், திருப்பித் தர வேண்டியதையும் குறிக்கும்.

இலத்தீன் மொழியிலும் இதே எண்ணம் காணப்படுகிறது. அம்மொழியில் நேர்த்திக்கு 'வோட்டும்' என்று பெயர். ரோமானியக் காணிக்கைக் கல்வெட்டுகள் பெரும்பாலும் 'வோட்டும் சோல்விட் லிபென்ஸ் மெரிட்டோ' என்ற தொடருடன் முடிகின்றன. நேர்ந்ததை மனமுவந்து, முறைப்படி செலுத்தினார் என்பது இதன் பொருள். இதிலுள்ள 'சோல்விட்' என்பது வாங்கிய கடனை அடைப்பதற்கும் பயன்படும் வினைச்சொல். இத்தொடர் மிகவும் பழகிப்போனதால் நான்கு முதலெழுத்துகளாகச் சுருக்கியே பொறித்தனர். பேரரசின் மேற்குப் பகுதிகளில் இந்த நான்கெழுத்துகள் கொண்ட கற்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன.

ரோமானிய நேர்த்தியின் முறை

ரோமானியர்களின் நேர்த்தி இரண்டு கட்டங்களைக் கொண்டது. முதலில் வேண்டுபவர் தெய்வத்தின் பெயரைச் சொல்லி, தனக்கு வேண்டியதையும் அது நிறைவேறினால் தான் தரப்போவதையும் வாய்விட்டுக் கூறுவார். வேண்டுதல் நிறைவேறிய பிறகு சொன்னபடி காணிக்கை செலுத்துவது இரண்டாம் கட்டம். வேண்டுதல் நிறைவேறாவிட்டால் காணிக்கை செலுத்தத் தேவையில்லை. நேர்ந்துகொண்டவரைக் குறிக்க ரோமானியர்கள் வழக்குமன்றச் சொற்களையே பயன்படுத்தினர். நேர்ந்தவர் வழக்கில் கட்டுப்பட்டவரைப் போன்றவர். வேண்டுதல் பலித்தபின் அவர் தீர்ப்புக்கு உட்பட்டுச் செலுத்த வேண்டியவர்.

காணிக்கை அவரவர் வசதிக்கு ஏற்ப அமைந்தது. கல்லில் செதுக்கிய சிறு பலிபீடம், வெண்கலச் சிலை, விளக்கு, காசு, பலியிடப்படும் விலங்கு, மாவால் செய்த பணியாரம் ஆகிய யாவும் ஏற்கப்பட்டன. நோய் தீர்ந்தவர்கள் உடலுறுப்பின் வடிவத்தைக் காணிக்கையாக்கினர். கி.மு. 4 முதல் 2ஆம் நூற்றாண்டு வரை நடு இத்தாலியின் கோயில்களில் சுடுமண்ணால் ஆன கை, கால், கண், கருப்பை வடிவங்கள் பெருமளவில் படைக்கப்பட்டன. தமிழகத்து மாரியம்மன் கோயில்களிலும் வேளாங்கண்ணியிலும் செலுத்தப்படும் வெள்ளித் தகட்டு உறுப்புகளோடு இவற்றை ஒப்பிடலாம். கடலில் தப்பியவர்கள் தாம் தப்பிய காட்சியைப் பலகையில் வரையச் செய்து கோயிலில் மாட்டுவது உண்டு. கப்பல் உடைந்து பிழைத்தவர் தாம் அணிந்திருந்த உடையையே கடல்தெய்வத்தின் கோயிலில் தொங்கவிடும் வழக்கத்தை இலத்தீன் கவிஞர் ஹொரேஸ் குறிப்பிடுகிறார்.

வலையில் சிக்கிய பலிபீடங்கள்

கடல் வணிகர்களின் நேர்த்திக்குத் தெளிவான சான்று இன்றைய நெதர்லாந்தின் சீலாந்துக் கடற்கரையில் கிடைத்தது. 1647இல் டோம்பர்க் என்ற ஊரில் புயலுக்குப் பின் கடல் மணல் அரிக்கப்பட்டு, நெகலென்னியா என்ற பெண்தெய்வத்தின் பலிபீடங்கள் வெளிப்பட்டன. 1970இல் கொலைன்ஸ்பிளாட் ஊருக்கு அருகே மீனவர் ஒருவரின் வலையில் அதே தெய்வத்தின் பலிபீடத் துண்டுகள் சிக்கின. தொடர்ந்து நடந்த தேடலில் நூற்றுக்கும் மேற்பட்ட பலிபீடங்களும் துண்டுகளும் கடலடியிலிருந்து எடுக்கப்பட்டன. இவை கி.பி. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் 3ஆம் நூற்றாண்டின் முற்பகுதியையும் சேர்ந்தவை.

நெகலென்னியா பழக்கூடையுடனும் நாயுடனும் அமர்ந்திருப்பாள். சில சிற்பங்களில் அவள் கால் கப்பலின் முகப்பின் மீது ஊன்றியிருக்கும். காணிக்கை செலுத்தியவர்களில் உப்பு வணிகர், மீன்சாறு வணிகர், மட்பாண்ட வணிகர் ஆகியோர் உள்ளனர். மார்க்கஸ் செக்குந்தீனியஸ் சில்வானஸ் என்ற மட்பாண்ட வணிகர் பிரித்தானியாவுடன் வணிகம் செய்தவர். தம் சரக்குகள் சேதமின்றிக் காக்கப்பட்டதற்காக நேர்த்திக்கடன் செலுத்தியதாக அவரது கல்வெட்டு தெரிவிக்கிறது. உடையக்கூடிய பாண்டங்களை வடகடலின் வழியே அனுப்பியவரின் கவலை அந்த ஒற்றைக் காரணத்தில் வெளிப்படுகிறது.

செங்கடல் சாலையில்

இந்திய வணிகத்தின் இடர் இதைவிடப் பெரியது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததும் இன்று வியன்னாவில் உள்ளதுமான முசிறி பாப்பிரஸ், 'ஹெர்மபொல்லோன்' என்ற கப்பலில் முசிறியிலிருந்து சென்ற சரக்கைக் கணக்கிடுகிறது. நான்கில் ஒரு பங்கு இறக்குமதி வரி நீங்கலாக அதன் மதிப்பு ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டெர்ஸ் காசுகள். ஒரே கப்பல் மூழ்கினால் பல குடும்பங்களின் செல்வம் மூழ்கும்.

கப்பல்கள் கோடையில் செங்கடலிலிருந்து புறப்பட்டுத் தென்மேற்குப் பருவக்காற்றில் இந்தியாவை அடைந்தன. திரும்பும்போது வடகிழக்குப் பருவக்காற்றைப் பயன்படுத்தின. பெரெனிகே, மையோஸ் ஹோர்மோஸ் ஆகிய துறைமுகங்களில் இறக்கப்பட்ட சரக்கு ஒட்டகங்களில் பாலைவனம் கடந்து நைல் கரையிலுள்ள கொப்டோஸ் நகரை அடைந்தது. பெரெனிகேயிலிருந்து கொப்டோஸ் செல்ல 12 நாட்கள் ஆயின என்று மூத்த பிளினி எழுதியுள்ளார்.

இப்பாலைவன வழிகளில் நிழல் தரும் பாறைகளும் குகைகளும் பான் என்ற வழித்துணைத் தெய்வத்தின் இடங்களாக இருந்தன. தங்கிச் சென்றவர்கள் தம் பெயர்களை அங்கே பொறித்தனர். வாடி மெனி என்ற இடத்தில் கையஸ் நுமிடியஸ் ஈரோஸ் என்பவர், கி.மு. 2இல் இந்தியாவிலிருந்து திரும்பும் வழியில் வந்ததாகப் பொறித்துள்ளார். அதே இடத்தில் புப்லியஸ் அன்னியஸ் பிளொகாமஸ் என்பவரின் அடிமையான லைசாஸ், கி.பி. 6ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் தான் வந்ததைக் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் எழுதியுள்ளார். அன்னியஸ் பிளொகாமஸ் குடும்பத்தின் விடுதலை பெற்ற அடிமை ஒருவர் அரேபியக் கடலோரத்தில் காற்றில் சிக்கி இலங்கைக்கு அடித்துச் செல்லப்பட்டதைப் பிளினி விவரிக்கிறார். அதைத் தொடர்ந்து இலங்கை மன்னர் ரோமுக்குத் தூதர்களை அனுப்பினார். இவ்வாறான வருகைப் பொறிப்புகள் எல்லாமே நேர்த்திக்கடன்கள் அல்ல. ஆயினும் தெய்வத்தின் இடத்தில் தம் பெயரை விட்டுச் செல்லும் எண்ணம் இரண்டுக்கும் பொதுவானது.

எட்ஃபு நகரிலிருந்து செங்கடல் செல்லும் வழியிலுள்ள எல்-கனாயிஸ் பாறைக்கோயிலில் தெளிவான நன்றிக்காணிக்கைகள் உள்ளன. தியோடோட்டஸ் என்ற யூதர் தான் கடலிலிருந்து காப்பாற்றப்பட்டதாகக் கூறிக் கடவுளைப் போற்றுகிறார். கடலோடும் வணிகத்தில் பெண்களும் இருந்தனர். மேல் எகிப்தின் மெடமூட் என்ற இடத்தில் கிடைத்த கிரேக்கக் கல்வெட்டில் ஏலியா இசிடோரா, ஏலியா ஒலிம்பியாஸ் என்ற இரு பெண்கள் தம்மைச் செங்கடல் வணிகர்கள் என்றும் கப்பல் உரிமையாளர்கள் என்றும் குறிப்பிட்டுக் காணிக்கை செலுத்தியுள்ளனர்.

இந்தியர் செலுத்திய காணிக்கைகள்

இவ்வழியில் இந்தியர்களும் காணிக்கை செலுத்தினர். எல்-கனாயிஸில், வேண்டுதலைக் கேட்பவனும் நல்வழி தருபவனுமான பானுக்கு, 'இந்தியன் சோஃபோன் தனக்காக' என்ற பொருள்படும் கிரேக்கப் பொறிப்பு உள்ளது. சுபானு போன்ற ஓர் இந்தியப் பெயரே கிரேக்கத்தில் இவ்வாறு மாறியிருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகின்றனர். தன் மொழியல்லாத மொழியில், தன் தெய்வமல்லாத தெய்வத்துக்குச் செலுத்திய காணிக்கை இது. ஆபத்தான வழியில் எத்தெய்வத்தின் எல்லைக்குள் இருக்கிறோமோ அத்தெய்வத்தை வணங்குவது பண்டைய பயணிகளின் பொது வழக்கம்.

பெரெனிகேயின் ஐசிஸ் கோயிலில் சமற்கிருதத்திலும் கிரேக்கத்திலும் அமைந்த கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. இது பேரரசர் பிலிப்பின் ஆறாம் ஆட்சியாண்டான கி.பி. 248 அளவைச் சேர்ந்தது. வாசுலன் என்ற க்ஷத்திரியன், அனைத்து உயிர்களின் நலனுக்காக ஒரு திருவுருவத்தை அளித்ததாக அது கூறுகிறது. அதே கோயில் வளாகத்தில் புத்தர் சிலை ஒன்று கிடைத்த செய்தி 2023இல் வெளியானது. ரோமானியக் கல்வெட்டு தனி ஒருவரின் கடனை முடித்து வைக்கிறது. வாசுலனின் கொடை பலனை எல்லா உயிர்க்கும் பகிர்கிறது. ஒரே கோயிலுக்குள் இரண்டு சமய மரபுகளும் இடம்பெற்றன.

பெரெனிகேயின் செராபிஸ் கோயிலில் இந்தியாவில் செய்த பெரிய சாடி ஒன்றும் கிடைத்தது. அதனுள் 7.55 கிலோகிராம் மிளகு இருந்தது. அவ்வூர் வழிபாட்டிடங்களில் எரிந்த மிளகும் கிடைத்திருப்பதால், சமையலுக்கு மட்டுமன்றித் தெய்வத்துக்கும் மிளகு படைக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

ஏமன் நாட்டின் சொகோத்ரா தீவிலுள்ள ஹோக் குகையில் ஏறத்தாழ 250 பொறிப்புகள் உள்ளன. பெரும்பாலானவை மேற்கிந்தியத் துறைமுகங்களிலிருந்து சென்றவர்கள் பிராமி எழுத்தில் எழுதிய பெயர்கள். பல்மைரா நகரத்தவர் ஒருவர் கி.பி. 258இல் வைத்துச் சென்ற மரப்பலகைக் காணிக்கையும், தூபக்கலங்களும் அங்கே கிடைத்தன.

அழகன்குளமும் தமிழகக் கரையும்

வைகை ஆறு பாக்கு நீரிணையில் கலக்கும் இடத்துக்கு அருகில் அழகன்குளம் அமைந்துள்ளது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1986 முதல் பல கட்டங்களாக இங்கு அகழாய்வு செய்தது. ரௌலட்டட் பாண்டங்கள், மது கொண்டுவந்த ஆம்போரா சாடிகளின் துண்டுகள், தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள், கப்பல் உருவம் கீறிய பானை ஓடு ஆகியவை கிடைத்தன. இரண்டாம் வலென்டினியன், முதலாம் தியோடோசியஸ், ஆர்க்காடியஸ் ஆகிய ரோமானியப் பேரரசர்களின் காசுகள், கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் இத்துறைமுகம் இயங்கியதைக் காட்டுகின்றன.

மேற்குக் கரையில் முசிறிக்கு அருகே அகஸ்டஸ் கோயில் ஒன்று இருந்ததாகப் 'பியூட்டிங்கர் அட்டவணை' எனப்படும் பழைய சாலை வரைபடம் குறிக்கிறது. அது உண்மையெனில், சேர நாட்டுக் கரையிலும் ரோமானியர் தம் முறைப்படி நேர்த்திக்கடன் செலுத்த ஓரிடம் இருந்தது எனலாம்.

அழகன்குளத்துப் பானை ஓடுகளில் உள்ளவை பெரும்பாலும் பாண்டத்துக்கு உரியவர்களின் பெயர்கள். மையோஸ் ஹோர்மோஸில் கிடைத்த கணன், சாதன் என்ற தமிழ்ப் பெயர்களும் அவ்வாறே. தமிழ் வணிகர்கள் எழுதத் தெரிந்தவர்கள் என்பதை இவை உறுதிசெய்கின்றன. ஆனால் எழுத்தை அவர்கள் உடைமைக்குப் பயன்படுத்திய அளவுக்கு நேர்த்திக்குப் பயன்படுத்தவில்லை.

தமிழ் மரபில் நேர்த்தியும் எழுத்தும்

மதுரைக்கு அருகிலுள்ள அழகர்மலைக் குகையில் உப்பு வணிகர், கொழு வணிகர், பொற்கொல்லர் முதலியோரின் பெயர்கள் தமிழ்ப் பிராமியில் உள்ளன. இவர்கள் சமணத் துறவியருக்கான உறைவிடத்துக்குக் கொடையளித்தவர்கள். எளிய தொழில் செய்தோரின் பெயர்களைத் தருவதில் இக்கல்வெட்டுகள் நெகலென்னியாவின் பலிபீடங்களுக்கு நெருக்கமானவை. எனினும் ஆபத்து நீங்கியதற்கான நன்றியை அவை பேசவில்லை. அறச்செயலைப் பதிவு செய்கின்றன.

பிற்காலக் கோயில் கல்வெட்டுகளின் நோக்கமும் வேறு. ஒரு நந்தா விளக்கு எரிக்க 90 அல்லது 96 ஆடுகள் கொடுத்ததைச் சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகள் பல கூறுகின்றன. ஆடு வளர்ப்பவர் நாள்தோறும் குறித்த அளவு நெய் அளக்க வேண்டும். சந்திரனும் சூரியனும் உள்ளவரை இது தொடர வேண்டும் என்பது நிபந்தனை. ரோமானிய நேர்த்திக்கல் முடிந்துபோன கணக்கின் பற்றுச்சீட்டு. தமிழ்க் கோயில் கல்வெட்டு முடியாத கடமையின் ஒப்பந்தம்.

கடலோடிகளின் வழிபாட்டை இலக்கியங்கள் காட்டுகின்றன. பட்டினப்பாலையில் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு, அதில் உறையும் தெய்வத்தை வணங்குகின்றனர். சிலப்பதிகாரத்தில் கோவலனின் முன்னோர் ஒருவரைக் கப்பல் உடைந்தபோது காப்பாற்றியது மணிமேகலை என்ற கடல்தெய்வம். அந்த நன்றியால் கோவலன் தன் மகளுக்கு அப்பெயரைச் சூட்டினான். இங்கே நன்றியைத் தாங்குவது கல் அல்ல, குழந்தையின் பெயர்.

இராமநாதபுரக் கடற்கரையில்

இக்கடற்கரையில் நேர்த்திக்கடன் சமய எல்லைகளைக் கடந்து இன்றும் வழக்கில் உள்ளது. திருப்புல்லாணி ஆதிஜெகநாதப் பெருமாள் கோயிலின் அரசமரத்தடியில், குழந்தை வரம் வேண்டுவோர் நாகக் கற்களைப் பிரதிஷ்டை செய்கின்றனர். கற்கள் அடுக்கடுக்காக உள்ளன; பெரும்பாலானவற்றில் எழுத்து இல்லை. யார் வேண்டினார், வேண்டியது கிடைத்ததா என்பது வைத்தவருக்கும் அவர் குடும்பத்துக்கும் மட்டுமே தெரியும். இதற்கு மாறாக, இன்றைய கோயில்களின் குழல்விளக்கு, மின்விசிறி, மணி ஆகியவற்றில் 'உபயம்' என்று தொடங்கும் பெயர்கள் காணப்படுகின்றன. உபயம் எல்லாம் நேர்த்திக்கடன் அல்ல என்றாலும், கொடுத்தவரின் பெயரைப் பொருளிலேயே எழுதும் வழக்கம் இதில் தொடர்கிறது.

ஏர்வாடி தர்காவுக்கு நோய் தீர வேண்டிப் பல சமயத்தவரும் வருகின்றனர். நாகூர் தர்காவின் சாகுல் ஹமீது கடலோடிகளின் காவலராகப் போற்றப்படுகிறார். ஓட்டை விழுந்த கப்பலைத் தம் கைக்கண்ணாடியால் அடைத்துக் காத்தார் என்பது அவரைப் பற்றிய புகழ்பெற்ற கதை. கடல் கடந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் அவர் நினைவாகப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தர்காக்களை எழுப்பினர். வேளாங்கண்ணியிலும், புயலில் தப்பிய போர்ச்சுகீசிய மாலுமிகள் நன்றியாகக் கோயில் எழுப்பியதாக மரபுச் செய்தி உண்டு.

கச்சத்தீவின் புனித அந்தோணியார் கோயில் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாச்சி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கட்டியதாகக் கூறப்படுகிறது. குடியிருப்பு இல்லாத இத்தீவு 1974 ஒப்பந்தத்தின்படி இலங்கையின் எல்லைக்குள் சென்றது. ஆண்டுதோறும் பிப்ரவரி அல்லது மார்ச்சில் நடக்கும் திருவிழாவில் இராமேசுவரத்து மீனவர்களும் யாழ்ப்பாணப் பகுதி மீனவர்களும் கூடுகின்றனர்.

சான்றுகளின் எல்லை

நேர்த்திக்கடன்களைப் பற்றிய பழைய விமர்சனம் ஒன்றை ரோமானிய அறிஞர் சிசரோ பதிவு செய்துள்ளார். கிரேக்கத்தின் சாமொத்ரேஸ் தீவுக்குக் கடவுள் மறுப்பாளரான டயாகோரஸ் சென்றார். கடலில் தப்பியவர்கள் மாட்டிய ஓவியப் பலகைகளைக் காட்டி, தெய்வம் இல்லை என்று இனியும் சொல்வீரா என நண்பர் கேட்டார். மூழ்கியவர்களை யாரும் வரையவில்லையே, அதனால்தான் இப்படித் தோன்றுகிறது என்பது அவர் அளித்த விடையின் சாரம்.

இது வரலாற்று ஆய்வுக்கும் பொருந்தும். எல்-கனாயிஸில் சோஃபோனின் பெயர் இருப்பது அவர் கடலைக் கடந்ததால். அதே ஆண்டில் கப்பலோடு மூழ்கியவர்களுக்குக் கல் இல்லை. காணிக்கைக் கல்வெட்டுகளின் எண்ணிக்கையைக் கொண்டு கடற்பயணம் எவ்வளவு பாதுகாப்பாக இருந்தது என்று கணக்கிட முடியாது. அவை எவ்வளவு அச்சம் இருந்தது என்பதை மட்டுமே காட்டும்.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் தொடர்வண்டி கடலலையில் அடித்துச் செல்லப்பட்டு, அதில் இருந்த அனைவரும் உயிரிழந்தனர். எத்தனை பேர் இருந்தனர் என்பதிலேயே கணக்குகள் வேறுபடுகின்றன.

இறந்தவர்களுக்கான சடங்கு இக்கரையில் வேறாக உள்ளது. இராமேசுவரம் அக்னிதீர்த்தக் கடலில், குறிப்பாக ஆடி, தை அமாவாசை நாட்களில், மக்கள் எள்ளும் நீரும் இறைத்து முன்னோருக்குத் தர்ப்பணம் செய்கின்றனர். தந்தை, பாட்டன், முப்பாட்டன் என மூன்று தலைமுறையின் பெயர்கள் வாயால் சொல்லப்படுகின்றன. அதற்கு முந்தைய பெயர்கள் மெல்ல மறைகின்றன. தப்பியவர் செலுத்தும் நேர்த்திக்கடனும் இறந்தவருக்குச் செய்யும் நீர்க்கடனும் தமிழில் கடன் என்றே வழங்குகின்றன. முன்னது சில இடங்களில் கல்லாக எஞ்சியது. பின்னது தண்ணீரில் செய்யப்படுவதால் தொல்லியல் சான்றை விட்டுச் செல்வதில்லை.